மச்சான் செய்து கொடுத்த கணினி

அந்தக் கணினிக்குப் பக்கத் தகடு ஒன்று உண்டு. அதை மாட்டி நான் பார்த்ததே இல்லை. பிரிக்பீல்ட்ஸில் நான் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையின் சுவரோரம் அது எப்போதும் சாய்ந்தே கிடந்தது. எப்படியும் மறுபடி திறக்கத்தானே போகிறோம் என்பது மச்சானின் வாதம். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன், கிள்ளான்காரர். உறவில் யாருக்குக் கணினி வேண்டுமென்றாலும் கடை கடையாக ஏறி இறங்கி, பாகம் பாகமாக வாங்கி, அவரே பொருத்திக் கொடுப்பார். "பிராண்டு பேருக்கு எதுக்கு லா காசக் கொட்டுற மாப்ள? உள்ள இருக்கிறது எல்லாம் ஒரே சாமான்தான்" என்பார்.

ஒரே சாமானோ என்னவோ, என்னுடையது நினைத்த நேரத்தில் அணைந்துவிடும். கல்யாணப் பத்திரிகை ஆர்டர்கள் கழுத்தை நெரிக்கும் தை மாதத்தில்தான் அதற்கு மயக்கம் வரும். ரேம் விற்றவன் பவர் சப்ளையைக் குறை சொல்வான். பவர் சப்ளை விற்றவன் மதர்போர்டைக் கைகாட்டுவான். மச்சானைக் கூப்பிட்டால் உடனே வருவார், அதில் ஒரு குறையும் இல்லை. உள்ளே ஊதுவார், எதையோ பிடுங்கி மாட்டுவார், "ஓகே லா" என்பார், என் வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போவார். மறுநாள் மறுபடி அணையும். வேறு கடையில் காட்டலாமென்றால் மனைவி விடமாட்டாள். "எங்கண்ணன் செஞ்சதுல இன்னொருத்தன் கைய வச்சான்னு தெரிஞ்சா, அவரு மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?" என்பாள். கடையில் வாங்கியிருந்தால் கடைக்காரனிடம் கத்தலாம். பெண் எடுத்த வீட்டிலிருந்து வந்ததற்கு யாரிடம் போய்க் கத்துவது?

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, செராஸ் பேரங்காடி ஒன்றில் பெயர்பெற்ற நிறுவனத்தின் மடிக்கணினி வாங்கினேன். மச்சான் வரும் நாளில் அதைக் காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, பழையதன் முன்னால் வேலை செய்வதுபோல் உட்கார்ந்திருப்பேன். ஐம்பது வயதில் இந்தக் கூத்து. ஒருநாள் அவர் சொல்லாமல் வந்துவிட்டார். மேசையைப் பார்த்தார். "நல்லாருக்கு மாப்ள" என்றார். சாப்பிடக் கூப்பிட்டும் நிற்கவில்லை. அதன் பிறகு கடைப் பக்கமே வரவில்லை. சண்டையாவது போட்டிருந்தால் சமாதானம் பேசியிருக்கலாம்.

இந்த மாதம் அந்த மடிக்கணினியும் கண்ணை மூடியது. சேவை மையத்துப் பெண் மரியாதையாகத்தான் சொன்னாள்: "போர்டையே மாத்தணும் அங்கிள். உள்ள இருக்கிறது எதுவும் வராது." உள்ளே இருந்தது என் மகளின் கல்யாணப் பத்திரிகை. எத்தனையோ வீட்டுக்கு அடித்தவன், சொந்த மகளுக்கென்று ராத்தூக்கம் கெட்டு வரைந்தது. வெட்கத்தை விட்டுக் கிள்ளானுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். எந்தப் பெட்டியைக் கண்டாலும் திறந்து பார்க்காமல் விடாத மனிதர், அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு என் பக்கமே நகர்த்தினார்.

"கம்பெனி சாமான் மாப்ள. நான் தொறந்தா வாரண்டி போயிரும்."

உள்ளே பிள்ளையின் பத்திரிகை இருக்கிறது, தாய்மாமன் என்று உங்கள் பெயரைத்தான் முதலில் போட்டிருக்கிறேன் என்றேன். என் குரல் எனக்கே எரிச்சலாக இருந்தது.

"வேற ஒன்னு அடிச்சுக்க லா" என்றார். "கல்யாணத்துக்குக் கண்டிப்பா வந்துர்றேன்."

முன்னே நின்று நடத்த வேண்டிய தாய்மாமன், வந்துவிடுகிறேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்தார்.