குதிரையிடம் அம்மா கேட்டது

சாம்பிராணி மணம் என்றால் எங்களுக்கு வெள்ளிக்கிழமை. அன்று அது சனிக்கிழமை மத்தியானம் வந்தது... ஜாவாக்காரர்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளிலிருந்து.

மலேசியாவில், பெடாஸ் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டம். எனக்குப் பத்து வயது. ஜாவாக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றால் 'கூடா கெப்பாங்' உண்டு. மூங்கிலில் பின்னிய தட்டைக் குதிரையைக் கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு ஆடும் ஆட்டம். விசில் அடிக்கக்கூடாது, வட்டத்துக்குள் போகக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். கோங் என்ற பெரிய வெண்கலத் தட்டு ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். ஆட்டத்தை நடத்தும் பெரியவர் வாக் கார்த்தோ சாட்டையைச் சொடுக்கியதும் ஆடுகிறவர்களின் கண் மாறிவிடும்.

அன்று முதலில் மாறியது சாரிப் அண்ணன். எங்களைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் லோரி டிரைவர். "என்னா பாப்பா, ஹோம்வெர்க் செஞ்சாச்சா, இல்ல இன்னிக்கும் பெரம்படியா?" என்று தினமும் தமிழில் வம்புக்கிழுப்பவர்.

அவர் குனிந்து, பல்லால் புல்லைப் பிடுங்கித் தின்றார். மென்றுகொண்டே என்னைப் பார்த்தார். என்னை அவருக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் அம்மா வட்டத்துக்குள் போனார்.

என் அண்ணன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. போர்டிக்சன் கடற்கரையில் பார்த்ததாக ஒருவர் சொன்னதோடு சரி. அம்மாவுக்குத் தெரிந்தது நம் சாமியாட்டம். அருள் வந்தவரிடம் குறி கேட்க வேண்டும், அவ்வளவுதான். முந்தானை முடிச்சை அவிழ்த்து, சாரிப் அண்ணன் நெற்றியில் திருநீறு பூசினார்.

"வந்திருக்கிறது யாரு சாமி? எம் புள்ள உசுரோட இருக்கானா? ஒரு வார்த்த சொல்லிருப்பா..."

கோங் நின்றது.

"ஜாங்கான்! கேக்காதம்மா!" வாக் கார்த்தோ கத்தினார். "அது சாமி இல்ல லா, குதிர! கேட்டா பேசாது... கெளம்பிப் போயிரும்!"

போனது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு, ரப்பர் மரங்களுக்கு ஊடே, எங்கள் லயத்துக்கு. வரிசையாக இருந்த அத்தனை கதவுகளில் எங்கள் கதவைத் தள்ளியது. அண்ணன் போனதிலிருந்து சுருட்டியே கிடந்த பாயை மூக்கால் உருட்டி விரித்தது. பாயின்மேல் படுக்கவில்லை. பக்கத்தில், வெறுந்தரையில் படுத்தது... பாயில் ஏற்கெனவே ஆள் இருப்பதுபோல.

வாக் கார்த்தோ அவர் காதில் ஊதி, தண்ணீர் தெளித்து எழுப்பினார். "இங்க எப்பிடி வந்தேன்?" என்று விழித்தார் சாரிப் அண்ணன். ஒன்றும் ஞாபகம் இல்லை என்றார்.

"புள்ள வர்றான்னு சொல்லிருச்சு," என்றார் அம்மா.

அண்ணன் வரவில்லை.

இப்போது அந்தத் தோட்டமே இல்லை, தாமான் என்ற புதுக் குடியிருப்பு வீடுகள் வந்துவிட்டன. அந்த ஆட்டத்தைப் பார்த்தும் பல வருடம் ஆகிறது. போன மாதம் அம்மாவிடம் சொல்லிவிட்டு, சிரம்பான் ஆஸ்பத்திரியில் இருந்த சாரிப் அண்ணனைப் பார்க்கப் போனேன். எழுபதைத் தொடுகிறார். பேச்சு அங்கே போனது.

"ஞாபகம் இல்லன்னு அன்னிக்குப் பொய் சொன்னேன் பாப்பா," என்றார். "ஒங்க அண்ணன் முன்னால நடந்து போனான். அவன் பின்னாடிதான் நான் போனேன். சட்டையெல்லாம் ஈரம்... சொட்டிக்கிட்டே இருந்துச்சு. திரும்பியே பாக்கல."

வீட்டுக்கு வந்தேன். அம்மா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சாரிப்பு நல்லா இருக்கானா?"

"இருக்காரும்மா."

குதிரையையே மறித்துக் கேட்டவர்... அதற்குமேல் ஒன்றும் கேட்காமல், கீரையை ஆய ஆரம்பித்தார்.