அம்மா ‘ம்’ கொட்டிய இடம்

மெட்ராஸ் அண்ணன் பொய் சொன்னார். அக்கா உயிரோடு இருந்தபோது ஊர் கூடிய மேடையில் சொன்னார். போன வருடம் கல்லறைத் தோட்டத்தில், அக்காவின் பெட்டியைக் குழிக்குள் இறக்கிய கையோடு அதே பொய்யை மறுபடியும் சொன்னார்.

சொந்தக்காரர்களுக்கு அவர் யாரென்று தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் எங்கள் பெரியப்பாவின் மூத்த மகன். மெட்ராஸில் சினிமாப் பாட்டுகளுக்கு வாத்தியக் குழு நடத்துகிறவர். அக்காவின் மெட்டுகளை இசைத்தட்டாகப் பதிவு செய்தவர். அக்காவின் இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும் நேரத்தில் எங்கள் வீட்டுப் பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

சித்தப்பா என்னைத் தடுத்துப் பார்த்தார். “ஏலே, நினைவு மலர்ல போயிச் சண்டைய இழுக்காத. அக்கா நல்லவ, பொறுமசாலின்னு நாலு வரி எழுதிட்டு விட்ரு” என்றார். நான் ஒட்டன்சத்திரம் மண்டியில் காய்கறி ஏலம் கூறிப் பிழைக்கிறவன். மூடி மறைத்து எழுத எனக்கு வராது. இதைப் பழி தீர்ப்பது என்று யாராவது சொன்னால், ஆமாம், அதுதான்.

அக்கா பிறந்தது செம்பட்டிக்குப் பக்கத்தில். அப்பா கொடைக்கானலில் ஒரு துரைசானி வீட்டில் சமையல்காரராக இருந்தார். துரைசானி பியானோ சொல்லிக்கொடுப்பவர். படிக்க வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் தப்பாக வாசிக்கும்போதெல்லாம், அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்கா ‘ச்சு’ கொட்டுவாராம். அது கூடத்துக்குக் கேட்டுவிட்டது. வேலை போயிற்று என்று அப்பா நடுங்கினார். துரைசானியோ அக்காவைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தார். அக்காவின் படிப்பு அப்படித்தான் தொடங்கியது.

சுதந்திரத்துக்குப் பிறகு துரைசானி சீமைக்குத் திரும்பியபோது பியானோவை அக்காவுக்கே கொடுத்துவிட்டார். அது முட்டைக்கோஸ் லாரியில் மலையிறங்கித் திண்டுக்கல்லில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு வந்தது. வாசல் நிலையைப் பெயர்த்துத்தான் வீட்டுக்குள் கொண்டுபோக முடிந்தது. பக்கத்தில் தோல் மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கி வைத்திருந்த பாய் தன் ஆட்களோடு வந்து தோள் கொடுத்தார். “என்னண்ணே, யானைக்குட்டியப் பெட்டிக்குள்ள வச்சு ஆணி அடிச்சுக் கொண்டாந்துட்டீகளா?” என்று அப்பாவைக் கேலி செய்தபடியே தூக்கினார்.

மலைப்பாதையில் குலுங்கியதில் ஒரு கட்டை ஊமையாகிவிட்டது. அமுக்கினால் கீழே போகும், சத்தம் வராது. அந்த வருடமே கொடைக்கானலிலிருந்து ஆள் வந்து அதைச் சரி செய்துவிட்டார். இதை மறந்துவிடாதீர்கள். பொய் முளைத்தது இந்தக் கட்டையில்தான்.

அக்கா ஒவ்வொரு சீசனிலும் கொடைக்கானல் மண்டபத்தில் கச்சேரி செய்தார். பிறகு மதுரை, திருச்சி, மெட்ராஸ். சின்னாளப்பட்டிச் சேலை கட்டிக்கொண்டு வந்து நிற்பவரைப் பார்த்து முதலில் ஏளனமாகச் சிரித்தவர்கள், வாசித்து முடித்ததும் எழுந்து நின்று கைதட்டியதை நான் பார்த்திருக்கிறேன். அப்பா தவறிய பிறகு மிஷன் பள்ளியில் பாட்டு டீச்சராகச் சேர்ந்து என்னைப் படிக்கவைக்கப் பார்த்தார். எனக்குப் படிப்பு ஏறவில்லை. அதற்காக ஒரு நாளும் என்னைக் கடிந்து பேசியதில்லை. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், “அம்மாவ யாரு பாப்பா?” என்று ஒரே கேள்வியில் முடித்துவிடுவார்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. ‘ம்’ என்ற சத்தம் மட்டும்தான் மிச்சம். அக்கா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைய கதையெல்லாம் சொல்வார். அம்மா ‘ம்’ கொட்டிக் கேட்பார். ஒரு நாள் சாயங்காலம் அக்கா ஏதோ ஒரு மெட்டைச் சன்னமாக வாசித்துக்கொண்டிருந்தவர், அடுப்பில் பால் பொங்கும் வாசம் வரவே பாதியில் கையை எடுத்தார். கட்டிலிலிருந்து ‘ம்’ என்று சத்தம் வந்தது.

“அடேய், கேட்டியா? அம்மா ‘மேல சொல்லு’ங்குது!”

“பாலு பொங்குதுக்கா.”

“பொங்கட்டும்டா!”

அதிலிருந்து அம்மாவுக்கென்றே அக்கா மெட்டுக் கட்டத் தொடங்கினார். கச்சேரியில் வாசிக்கும் சீமைச் சங்கீதம் போல இருக்காது. காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தடவுவது போல மெதுவாகப் போகும். அங்கங்கே அக்கா கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பார். அம்மா ‘ம்’ கொட்டுவார். மெட்டு மேலே நகரும். அம்மா தாமதித்தால் அக்காவும் தாமதிப்பார். சில நாள் அந்த ‘ம்’ கேள்வி மாதிரி வரும், சில நாள் சலிப்பாக வரும். அதற்குத் தகுந்தபடி அடுத்த அடியும் கொஞ்சம் மாறும். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் அக்காவும் அம்மாவும் பேசிக்கொள்கிறார்கள் என்பது தெரிந்தது.

ஒரு கிறிஸ்துமஸுக்கு மெட்ராஸ் அண்ணன் வந்தார். அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து கேட்டார். முதல் நிறுத்தம் வந்ததும் அம்மாவை முந்திக்கொண்டு அவரே ‘ம்’ கொட்டினார். அக்கா சிரித்துவிட்டார்.

“அண்ணே, செத்த நேரம் சும்மா இருங்க. அது அம்மா எடம்.”

“சரி ஆத்தா, சரி. இனி வாயத் தொறக்கல.”

நான் அங்கே இருந்தேன். அம்மாவைப் பார்க்க வந்திருந்த பாயும் இருந்தார். ஆக, அந்த இடம் எதற்கென்று மெட்ராஸ் அண்ணனுக்குத் தெரியும்.

அவர்தான் வாத்தியக் குழுவோடு அந்த மெட்டுகளைப் பதிவு செய்யலாம் என்றார். அக்கா எவ்வளவு சந்தோஷப்பட்டார் என்று சொல்ல முடியாது. நானும் கூடப் போனேன். ஸ்டூடியோவில் பெரிய பியானோ, சுற்றிலும் வயலின், புல்லாங்குழல். அம்மாவின் இடம் வந்தது. அக்கா கையை எடுத்தார். உடனே வயலின்கள் எல்லாம் சேர்ந்து அந்த இடத்தை நிரப்பின.

“அண்ணே, அந்த எடத்துல யாரும் வாசிக்கக் கூடாது.”

“சும்மா விட்டா, தட்டு கெட்டுப்போச்சுன்னு ஊசியத் தூக்கிருவாங்கம்மா.”

“அது அம்மா எடம்ணே. ஒங்களுக்குத் தெரியும்ல?”

“அம்மா எடமெல்லாம் ஒங்க வீட்டுல. இது ஸ்டூடியோ.”

அத்தனை வாத்தியக்காரர்களும் கையைக் கட்டிக்கொண்டு அக்காவையே பார்த்தார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு வாசித்து முடித்தார்.

தட்டு வந்ததும் பாய் வீட்டுக் கிராமபோனை வாங்கி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தோம். அம்மா முழுவதும் கேட்டார். ஒரு ‘ம்’ கூட வரவில்லை. வர இடமே இல்லை. தட்டு முடிந்ததும் அம்மா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அக்கா தட்டை எடுத்து உறையில் போட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அது சுழலவே இல்லை.

இதுவரைக்கும் கூட மன்னித்திருப்பேன். தொழில் தெரிந்தவர், ஜனங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று செய்துவிட்டார் என விட்டிருப்பேன். ஆனால் தட்டின் உறையில் ‘திருத்தி அமைத்தவர்’ என்று தன் பெயரை அக்காவின் பெயரைவிடப் பெரிதாகப் போட்டுக்கொண்டார். திருத்தினேன் என்று சொல்ல ஒரு தப்பு வேண்டுமே. திண்டுக்கல்லில் அவருக்குப் பாராட்டுக் கூட்டம் நடந்தபோது அந்தத் தப்பை உண்டாக்கினார். மேடையில் அவர் சொன்னது இதுதான்:

“எந் தங்கச்சி பழகுன பியானோவுல ஒரு கட்டை செத்துப்போச்சு. அந்தக் கட்டை வர்ற எடத்துல எல்லாம் நின்னு நின்னு வாசிச்சே பழகிருச்சு. தாளம் கையில நிக்காது. அந்த ஓட்டையெல்லாம் அடைச்சுக் குடுத்தது நானு.”

கூட்டம் சிரித்தது. அக்கா மேடையிலேயே ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மா படுக்கையில் விழுவதற்கு வெகு முன்பே அந்தக் கட்டை சரியாகிவிட்டது. மெட்டுகள் பிறந்தது அதற்கெல்லாம் பிறகு.

அந்தப் பேச்சு மெட்ராஸ் வரை போயிற்று. தாளம் நிற்காதவர் என்று பெயர் விழுந்தது. பேசி வைத்திருந்த மெட்ராஸ் கச்சேரியை ரத்து செய்தார்கள். அதற்கு மேல் யாரும் கூப்பிடவில்லை. கொடைக்கானல் மண்டபத்திலும் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். நான் மெட்ராஸ் போய் அவர் சட்டையைப் பிடிக்கிறேன் என்று கிளம்பினேன். “விடுடா. உண்மையச் சொல்ல அண்ணனுக்கு ஒரு நாள் தன்னால வாய் தொறக்கும்” என்று அக்கா கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

அம்மா போனார். அக்கா பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தே காலத்தைக் கழித்தார். கடைசியில் ஆஸ்துமா முற்றி, தலையணைகளில் சாய்ந்தபடியே தூங்கினார். அப்போதும் வாசலில் கார் சத்தம் கேட்டால், “அண்ணனா பாரு” என்பார். அவர் வரவில்லை. அடக்கத்துக்குத்தான் வந்தார். வந்து, “கோணலாக் கெடந்த மெட்டை நான் திருத்திக் குடுத்தேன், அதான் இன்னைக்கும் இவ பேரு நிக்கிது” என்று குழி விளிம்பில் நின்று சொன்னார்.

அக்காவின் கடைசி நாட்களில் கூட இருந்து முதுகைத் தடவிவிட்ட மாணவிகளுக்கும், நேரம் பார்க்காமல் வந்த நர்ஸ் அம்மாவுக்கும், ஜெபம் செய்த பாதிரியாருக்கும், அன்று பியானோவுக்கும் போன வருடம் அக்காவின் பெட்டிக்கும் தோள் கொடுத்த பாய்க்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

மெட்ராஸ் அண்ணே, இன்றைய கூட்டத்தில் போட இசைத்தட்டு கொண்டுவருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். அது உங்கள் பையிலேயே இருக்கட்டும். ஜெபம் முடிந்ததும் அக்காவின் மாணவி ஒருத்தி அதே பியானோவில் வாசிப்பாள். எல்லாக் கட்டைகளும் பேசுகின்றன, வேண்டுமானால் நீங்களே அமுக்கிப் பாருங்கள். அம்மாவின் இடம் வரும்போது அவள் கையை எடுத்துவிடுவாள். பந்தலில் இருக்கும் ஒருவரும் அப்போது வாயைத் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்த இடத்தில் நீங்கள் மட்டும் எழுந்து நில்லுங்கள், அண்ணே. அக்காவுக்குத் தாளம் நிற்காது என்று நீங்கள் சொன்னது பொய்தானே? நீளமாகப் பேச வேண்டாம். பேச்சு போன எங்கள் அம்மாவால் முடிந்தது உங்களால் முடியாதா? ஆமாம் என்றால் ‘ம்’ என்று சொல்லுங்கள். கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும். அதுவரைக்கும் அந்தப் பெண் பியானோவைத் தொடமாட்டாள்.