தீப்புண் வார்டும் ஏசி அறையும்

2009 ஜூன் 15: பொது வார்டு, 9,500.
2012 மார்ச் 1: ஆபரேஷன் தியேட்டர், 16,000.
2016 ஆகஸ்ட் 8: தீப்புண் வார்டு, 24,000.
2021 ஜனவரி 4: இன்சூரன்ஸ் கம்பெனி, 52,000.

நர்ஸான என் மகள் வேலைக்குச் சேர்ந்த இடங்களும் அங்கே தொடக்கச் சம்பளமும் இவை. நான்காவது வரியை எழுதும்போதே குமட்டுகிறது.

தீப்புண் வார்டில் வெந்த தோலை எடுத்து, சீழைத் துடைத்துக் கட்டுப் போடுவாள். வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டு நன்றாகவே சாப்பிடுவாள். மூக்கைப் பிடித்துக்கொண்டவர் மாப்பிள்ளைதான். கம்பெனி வேலை கிடைத்ததும், "ஏசி ரூம்ல உக்காந்து வேலை பாக்கறா" என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார்.

ஆபரேஷனுக்குப் பணம் கேட்டவர்களிடம் ஃபோனில் பேசுவதுதான் அங்கே வேலை. மேனேஜர் முதல் நாளே சொல்லிவிட்டான்: "நர்ஸ்னு சொல்லிட்டுப் பேசுங்க மேடம். கம்பெனின்னா வாயைத் திறக்க மாட்டாங்க. நர்ஸ்னா மனசு விட்டுப் பேசுவாங்க."

வார்டில் கேட்பதுபோலவே கேட்பாள். "சாப்பிட்டீங்களா? வலி எப்ப இருந்து இருக்கு?" பதிலை எழுதிக் கொடுப்பதோடு சரி. அதற்குப் பிறகு நடப்பதை யாரும் அவளிடம் சொன்னதில்லை.

ஒரு லாரி டிரைவரின் மனைவி, "அவருக்கு ரெண்டு மூணு வருஷமாவே இடுப்பு வலிதாம்மா. இவ்வளவு அன்பா யாரு கேக்கறாங்க? நீ நல்லா இருக்கணும்" என்றாள். அடுத்த வாரம் அவளே கூப்பிட்டாள். "பழைய வியாதியாம், பணம் இல்லைன்னுட்டாங்க. நான் உன்கிட்ட என்னம்மா தப்பா சொன்னேன்?"

சீழைக் கண்டு ஒருநாளும் முகம் சுளிக்காதவள் அன்று ஆபீஸ் கழிப்பறையில் வாந்தி எடுத்தாள். வைத்தியத்துக்காகக் கேட்கிற கேள்வியைத் தூண்டில் முள்ளாக்கிய அயோக்கியர்கள்!

மறுநாளிலிருந்து பேச்சை மாற்றினாள். "அக்கா, பார்த்துப் பேசுங்க. நீங்க சொல்றதை வெச்சே பணத்தை நிறுத்திடுவாங்க." கம்பெனி எல்லா அழைப்பையும் பதிவு செய்கிறது. மேனேஜர் அதை ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி போட்டுக் காட்டி, அன்றே வெளியே அனுப்பினான்.

தீப்புண் வார்டுக்கே திரும்ப மனுப் போட்டாள். கடைசியாக வேலை பார்த்த இடத்திலிருந்து நன்னடத்தைச் சான்று கேட்டார்கள். கம்பெனி தர மறுத்தது. அதோடு விடாமல், அவள் துரோகி என்று காட்ட அந்தப் பதிவையே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தது. இனி எந்த வார்டும் கிடைக்காது என்று மகள் படுத்துவிட்டாள்.

தீப்புண் வார்டின் தலைமை நர்ஸ் ஃபோன் செய்தார். "கேட்டேன்டி. அவனுங்களே சர்டிபிகேட் அனுப்பிட்டானுங்க, வேற என்ன வேணும்? ஆர்டர் தபால்ல வரும். கையுறையை மாட்டிட்டு வந்து சேரு."

மாப்பிள்ளை முகத்தைச் சுளித்தார். "திரும்பவும் அந்த நாத்தமா?"

"இது குளிச்சா போயிடுங்க. அது போகல" என்றாள்.

சம்பளம் 31,000. உத்தரவுக் கடிதம் வந்த நாள்: 2022 செப்டம்பர் 19.