அண்ணனுக்கு மாலை விழுந்த சனிக்கிழமை

தங்கமணி அக்காவுக்குக் கவலைப்படக் காரணமே தேவையில்லை. மின்சாரம் போனால் கவலைப்படுவது யாங்கோனில் எல்லோரும் செய்வதுதான். நாள் முழுக்கப் போகாமல் இருந்தால், 'என்னமோ நடக்கப் போவுது' என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறவர் அவர் ஒருவர்தான். அப்படிப்பட்டவருக்குக் கிடைத்த வேலை, மெக்சிகோ சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுவது.

கடை போட்டாதாங்கில், படகுத்துறைக்குப் போகும் வழியில் இருக்கிறது. நான் ஜஸீலா, அங்கே பரிமாறுகிறவள். முதலாளி கோ மின் தூ சிங்கப்பூரில் ஒரு மெக்சிகோ உணவகத்தில் நான்கு வருடம் பாத்திரம் கழுவியவர். எங்களுக்கும் மெக்சிகோவுக்கும் உள்ள உறவு அந்தக் கழுவுதொட்டி வழியாக வந்ததுதான். வாசலில் வணக்கம் சொல்ல நிற்கும் கோ ஆங்குக்குக் குடை அகலத்தில் ஒரு தொப்பி, ஒட்டு மீசை. வேர்வையில் அந்த மீசை மெல்ல இறங்கி, சாயங்காலத்துக்குள் தாடைக்கு வந்துவிடும்.

அக்கா இங்கே வருவதற்குமுன் ஒரு தேநீர்க் கடையில் சப்பாத்தி தேய்த்தவர். டாக்கோ என்ற சமாசாரத்தை முதல் நாளே கரைத்துக் குடித்துவிட்டார்.

"இதப் பாரு ஜஸீலா, சப்பாத்தியத்தான் சோள மாவுல தட்டி, மடிச்சு, வாயப் பொளக்க வெக்கிறான். இதுக்கு மெக்சிகோ வரைக்கும் போவணுமா?"

உள்ளே வைக்கும் பயறும் அப்படித்தான். காலையில் நாங்கள் ரொட்டியோடு தின்னும் பெபியோ, அதாவது அவித்த பட்டாணி, அதையே கொஞ்சம் மசித்து மிளகாய் போட்டது. வெண்ணெய்ப் பழத்தில் உப்பும் வெங்காயமும் போட்டுப் பிசையச் சொன்னபோதுதான் அக்காவுக்குக் கை வரவில்லை. இந்த ஊரில் அந்தப் பழத்தை டின்பால் ஊற்றி அடித்துக் குடிப்போம். முதல் வாரம் யாருக்கும் தெரியாமல் அதில் டின்பால் ஊற்றிவிட்டார். வந்தவர்கள் இன்னொரு கிண்ணம் கேட்டார்கள்.

மெக்சிகோவைப் பற்றிய மற்ற அறிவெல்லாம் அவருக்குத் தொலைக்காட்சியிலிருந்து வந்தது. கீழே பர்மிய எழுத்து ஓடும் அந்த நாட்டுத் தொடர்களை விடாமல் பார்ப்பார். அதில் யாரும் மாடிப்படியில் இறங்குவதில்லை, உருளுகிறார்கள். உருண்டவருக்கு நினைவு போய்விடும். கல்யாணத்தன்று நினைவு திரும்பும், மாப்பிள்ளைக்கு அறை விழும். "பாவம் அந்த ஊர் சனங்க, எப்பவும் எதுலயாவது மாட்டிக்கிட்டே இருக்காங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார். தன்னைவிட அதிகம் கவலைப்படுகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போய்ப் பதினெட்டு வருடம். உலகத்தில் மிச்சமிருந்த ஒரே சொந்தம், க்யிம்யிண்டைங்கில் இருக்கும் அண்ணன் அய்யாசாமி. கோயில் காரியம் என்றால் முன்னால் நிற்கிற மனிதர். தங்கை மாட்டுக்கறி வேகும் அடுக்களையில் வேலைக்குச் சேர்ந்தாள் என்று கேட்டதும், "இனி உன் கையால ஒரு வாய் சாப்பிட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் பேச்சில்லை. ஆடி மாதம் அவருக்கு நெஞ்சுவலி வந்ததைக்கூட மூன்றாம் மனிதர் சொல்லித்தான் அக்கா தெரிந்துகொண்டார். அன்று அவர் தட்டிய ரொட்டிகளில் பாதி கருகியது எனக்கு நினைவிருக்கிறது.

இந்த வருடம் தீபாவளி கழிந்து பத்து நாளில் கோ மின் தூவுக்கு ஒரு யோசனை வந்தது. மெக்சிகோவில் செத்தவர்களுக்கு ஒரு திருநாள் உண்டாம். படங்களை அடுக்கி, செண்டுப்பூ வளைவு கட்டி, மெழுகுவத்தி ஏற்றி, பிடித்த பலகாரங்களை வைத்தால் செத்தவர்கள் அன்றைக்கு வந்து சாப்பிட்டுப் போவார்களாம். கடையில் அதைச் செய்யப் போகிறோம், ஆளுக்கு ஒரு படம் கொண்டுவாருங்கள் என்றார்.

"இது நம்ம படையல்தானே!" என்று அக்காவுக்கு ஒரே ஆச்சரியம். கடையில் மற்றவர்களோ, ஆவி தங்கள் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிடும் என்று பயந்து நழுவினார்கள். கோ ஆங் செத்துப்போன நாயின் படத்தைக் கொடுத்தார். முதலாளி தன் தாத்தா படத்துக்கு மீசை வரைந்து வைத்தார். எங்கள் வீட்டில் படத்தை வைத்துச் சடங்கு செய்வதில்லை என்று நான் விலகிக்கொண்டேன். அக்கா மட்டும் மனப்பூர்வமாகத் தன் அம்மாவின் படத்தைக் கைப்பேசியில் அனுப்பினார்.

அம்மா தனியாக எடுத்துக்கொண்ட படம் ஒன்றுகூட இல்லை. இருந்தது ஸ்டூடியோவில் எடுத்த ஒரே ஒரு குடும்பப் படம். நாற்காலியில் அம்மா, மடியில் மூன்று வயது அக்கா, பக்கத்தில் அரைக்கால் சட்டையில் பன்னிரண்டு வயது அய்யாசாமி. அம்மாவை மட்டும் வெட்டி எடுக்கவேண்டும் என்று அக்கா மூன்று தடவை சொன்னார். முதலாளி மூன்று தடவையும் தலையாட்டினார்.

சனிக்கிழமை மதியம் நாங்கள் வேலைக்கு வந்தபோது படையல் தயாராக இருந்தது. நடுவில், மூன்றடி உயரத்தில், முழுக் குடும்பப் படம். பையன் முகம் லட்சணமாக இருந்ததால் வெட்ட மனம் வரவில்லை என்றார் முதலாளி. சட்டத்தைச் சுற்றிக் கனமான செண்டுப்பூ மாலை. மாலையின் ஒரு பக்கம் சரியாக அய்யாசாமியின் தோளில் தொங்கியது.

தமிழர் வீடுகளில் படத்துக்கு மாலை விழுந்தால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். இது எனக்கே தெரியும். அக்காவுக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

"உயிரோட இருக்கிறவருக்கு மாலை போட்டுட்டேனே! நெஞ்சுவலி வந்த மனுஷன்!"

"அக்கா, நீங்களும்தான் அதுல இருக்கீங்க" என்றேன்.

"நான் கெடக்குறேன் விடு. நான் போனா போறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நொடி அழுகையும் வந்தது.

மாலையை எடுக்கச் சொல்லி அக்கா முதலாளியிடம் கெஞ்சினார். வளைவு, சட்டம், மாலை, மேசை எல்லாம் கம்பியால் ஒன்றாகக் கட்டியிருக்கிறது, ராத்திரிக்குத்தான் பிரிக்க முடியும் என்றுவிட்டார் அவர். அண்ணனையாவது மறைக்கலாம் என்று அக்கா கையில் கிடைத்ததை எடுத்துப் பையன் முகத்துக்கு முன்னால் வைத்தார். கையில் கிடைத்தது சர்க்கரையில் செய்த மண்டையோடு. தள்ளி நின்று பார்த்தார். இப்போது அரைக்கால் சட்டை போட்ட ஒரு மண்டையோடு அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மூன்று மணிக்கு அவருடைய கைப்பேசி அடித்தது. தன்லியினில் இருக்கும் மாமா மகள் சாந்தகுமாரி. கடையின் ஃபேஸ்புக் பக்கத்தில் முந்தின ராத்திரியே இந்தப் படம் போய்விட்டது என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"உங்கண்ணன் எப்படி தங்கம் போனாரு?" மறுமுனையில் ஒரே ஒப்பாரி. "அத்தை போயி எவ்வளவு காலமாச்சு, இப்பப் புதுசா மாலை போட்டிருக்கேன்னு பாத்ததுமே புரிஞ்சிடுச்சு. எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? பஸ்ஸுல வந்துக்கிட்டுதான் இருக்கோம்."

இல்லை என்று சொல்லவேண்டியதுதானே? அக்காவால் சொல்ல முடியவில்லை. அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு வருடமாகப் பேசாத அண்ணன். ஒருவேளை இவர்களுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாமல் இருந்தால்? அதற்குள் பஸ் பாலத்தில் ஏறியதோ என்னமோ, தொடர்பு அறுந்துபோனது.

அக்கா அண்ணனுக்கு அடித்தார். கைப்பேசி அணைந்திருந்தது. மறுபடி அடித்தார். அங்கே மின்சாரம் இருக்காது, சார்ஜ் போயிருக்கும் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவேயில்லை. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவேன், செத்திருந்தாலும் என்னை உள்ளே விடுவார்களா என்று புலம்பினார். அதற்குள் கடை நிறைந்துவிட்டது. கித்தார்ப் பாட்டு அலறியது. இளவட்டங்கள் கன்னத்தில் எலும்பு வரைந்துகொண்டு அய்யாசாமியோடு செல்ஃபி எடுத்தார்கள். அக்கா தட்டினார், கருக்கினார், மறுபடி தட்டினார். கண்ணீர் மாவில் விழுந்தது. எனக்கு அந்தப் படையலைக் காலால் எட்டி உதைக்கவேண்டும் போல இருந்தது.

ஆறரை மணி இருக்கும். வாசலில் வெள்ளைச் சட்டையும் லுங்கியும் நெற்றி நிறைய விபூதியுமாக ஒருவர் நின்றார். கோ ஆங் தொப்பியைக் கழற்றி வளைந்து கும்பிட, அவரும் திகைத்துப்போய்க் கும்பிட்டார். ஏதோ விசாரித்தார். கோ ஆங் தாடை மீசையோடு நெடுநேரம் விளக்கினார். பிறகு அவர் நேராகப் படையலுக்கு வந்து, மண்டையோட்டை எடுத்து ஓரமாக வைத்தார். அந்தப் பையனுக்கு இருந்த அதே மூக்கு.

நான் அடுக்களைக்கு ஓடினேன். அக்கா கரண்டியோடு வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே... நான் வேணும்னு..."

"சாந்தகுமாரி மாலையோட வந்து கதவத் தட்டுறா. நான்தான் தொறந்தேன். ஐயோன்னு கத்தி மாலைய என் கால்லயே போட்டுட்டா. இப்ப வீட்ல விசிறி வீசிக்கிட்டுப் படுத்திருக்கா."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார்.

"படையல் போட்டா போனவங்க வந்து சாப்பிடுவாங்களாமே. அந்த மீசைக்காரரு சொன்னாரு." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பசிக்குது. ஏதாச்சும் குடு."

அக்கா புதுக் கல்லை எடுத்துக் கழுவினார், திரும்பவும் கழுவினார். ரொட்டி தட்டி, பட்டாணி வைத்து, மடித்துக் கொண்டுவந்தார். "கறி படாத கல்லுண்ணே" என்றார். அவர் ஒரு கடி கடித்தார். பாதிப் பட்டாணி வெள்ளைச் சட்டையில் விழுந்தது. அதையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"நெஜமாவே போயிருந்தா வந்திருப்பியா தங்கம்?"

"ஆடியில நீங்க ஆஸ்பத்திரியில கெடந்தப்ப வந்தேண்ணே. மூணு நாளும் வந்தேன். வாசல் கேட்டத் தாண்டி உள்ள வரத்தான் தைரியம் வரல."

அய்யாசாமி விரலைத் துடைத்துக்கொண்டார். அக்காவைப் பார்க்காமல், அம்மா படத்தைப் பார்த்துச் சொன்னார்.

"தெரியும். மூணு நாளும் மாடி ஜன்னல்லேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கூப்பிட எனக்கும் வாய் வரல."

தட்டை நீட்டினார்.

"இன்னொண்ணு போடு."