தூணுக்கு எடுத்த டிக்கெட்

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். மொன்றியலில் வீட்டுக்கு வரும் பிரெஞ்சுக் கடிதங்களை எல்லாம் நான்தான் வாசிப்பேன். துறைமுகத்தில் கப்பல் கயிறு இழுக்கும் அப்பாவைப் பழைய ஒப்பெரா இசைநாடக அரங்குக்குக் கூட்டிப்போக டிக்கெட் தேடியபோது, ‘குறைக்கப்பட்டது’ என்ற பிரெஞ்சுச் சொல்லைக் கண்டேன். மலிவு விலை என்று பெருமையோடு வாங்கினேன்.

குறைந்திருந்தது விலை மட்டுமல்ல, பார்வையும்தான். பக்கவாட்டு மாடியில், எங்களுக்கு நேர் முன்னால் ஒரு தூண்.

"படிச்ச பிள்ளை தூணுக்கெல்லோ டிக்கெட் எடுத்திருக்கு" என்றார் அப்பா.

"பிழையா வாசிச்சிட்டன், அப்பா." அப்படி நான் அவரிடம் சொன்னது அதுவே முதல் தடவை.

அவர் தூணைச் சுற்றி எட்டிப் பார்த்தார். நடுவில் இருப்பவர்களுக்குத் தெரியாத மேடை ஓரத்தில் நால்வர் கயிறு இழுத்துத் திரையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இஞ்ச பார், எங்கட ஆக்கள்" என்று சிரித்தார். இடைவேளையில் நடுவில் இடம் கிடைத்தும் வர மறுத்துவிட்டார்.

இப்போது டிக்கெட்டில் ஒவ்வொரு சொல்லையும் வாசிக்கிறேன். அப்பாவோடு போனால், தெரிந்தே அந்தத் தூணுக்குத்தான் எடுக்கிறேன்.