தொண்ணூற்று மூன்றில் கொதித்த தண்ணீர்

பீக்கரில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அதற்குள் தொங்கிய வெப்பமானியின் சிவப்புக் கோடு தொண்ணூற்று மூன்று வரை ஏறி, அங்கேயே நின்றுவிட்டது. வகுப்புத் தலைவியை அழைத்து அளவைப் படித்துச் சொல்லச் சொன்னேன். அந்த எட்டாம் வகுப்பில் படிப்பு, கையெழுத்து, கணக்கு எல்லாவற்றிலும் முதல் ஆள் அந்தப் பெண்தான். முகத்தை அருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, "நூறுங்க மிஸ்" என்றாள். இன்னொரு முறை பார்க்கச் சொன்னேன். பார்த்தாள். கோடு நிற்கும் இடத்தை விரலால் காட்டச் சொன்னேன். தொண்ணூற்று மூன்றுக்கு நேராக, கொஞ்சமும் பிசகாமல் விரலை வைத்தாள். அது எவ்வளவு என்று கேட்டேன். "நூறு" என்றாள் மறுபடியும். விரலை எடுக்கவும் இல்லை. வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் குனிந்து அவரவர் நோட்டில் நூறு என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது நான் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். கற்பித்தல் பயிற்சிக்காக மலைமேல் பிக்கட்டிப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பியிருந்தார்கள். என் ஊர் குன்னூர். பஜாரில் அத்தாவுக்குக் குடைக்கடை. விடியும்போதே கிளம்பி, தோட்ட வேலைக்குப் போகிறவர்களோடு பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ச் சேருவேன். பள்ளிக் கட்டடம் ஒரு நீளமான ஹால். எட்டாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் நடுவே ஆளுயரப் பலகைத் தடுப்பு ஒன்றுதான். இந்தப் பக்கம் ஒருவர் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். பிள்ளைகளில் பாதிப்பேர் தேயிலை பறிக்கிறவர்களின் வீடுகளிலிருந்தும், மீதிப்பேர் கேரட், முட்டைக்கோஸ் போடுகிறவர்களின் வீடுகளிலிருந்தும் வந்தார்கள். ஆறிலிருந்து பத்து வரை எல்லா வகுப்புகளுக்கும் அறிவியல் எடுக்க ஒரே ஓர் ஆசிரியைதான் இருந்தார். பிள்ளைகளுக்கு அவர் 'டீச்சர்', நான் 'மிஸ்'. டீச்சர் என்றால் நிலையாக இருப்பவர், மிஸ் என்றால் கொஞ்ச நாளில் போய்விடுபவர் என்பது அவர்கள் தாங்களாகவே வகுத்துக்கொண்ட கணக்கு.

மாணவர்களின் கவனத்தை எப்படிப் பிடித்து வைப்பது என்று கல்லூரியில் எங்களுக்கு நிறையச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்துபார்க்கும் உற்சாகத்தில் வந்தவள் நான். முதல் வாரங்களில் தினமும் ஏதாவது ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வகுப்புக்குள் போனேன். எரியும் தீக்குச்சியை உள்ளே போட்டதும் உரித்த முட்டை பாட்டிலுக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கியது. சோடா உப்பும் வினிகரும் சேர்ந்து பலூனை ஊதின. கைதட்டல் தடுப்பைத் தாண்டிப் போகும். அந்தப் பக்கமிருந்து டீச்சர் டஸ்டரால் பலகையைத் தட்டுவார். என்னைக் கண்டதும் பிள்ளைகள், "இன்னிக்கு என்னங்க மிஸ் காட்டப் போறீங்க?" என்று ஓடிவருவார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு ஒருநாள் சிறு தேர்வு வைத்தேன். முட்டை ஏன் உள்ளே போனது என்ற கேள்விக்கு, அது நன்றாக வேகவைத்த முட்டை என்பதால் என்று ஒருவன் எழுதியிருந்தான். மிஸ் தீக்குச்சி போட்டதால் என்று பலர் எழுதியிருந்தார்கள். காற்றைப் பற்றி ஒரு வரிகூட யாரும் எழுதவில்லை. அவர்கள் கண்கொட்டாமல் பார்த்ததெல்லாம் உண்மைதான். வேடிக்கை பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதனால்தான் கொதிநிலைப் பாடத்தை வேறு மாதிரி யோசித்தேன். உயரம் கூடினால் காற்றின் அழுத்தம் குறையும், தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும் என்பது எனக்குத் தெரியும். புத்தகம் நூறு டிகிரி என்கிறது. கண்முன்னால் கோடு தொண்ணூற்று மூன்றில் நிற்கும். பிள்ளைகள் திகைப்பார்கள், ஏன் என்று கேட்பார்கள், அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே காற்றழுத்தத்துக்குப் போய்விடலாம் என்று பாடக்குறிப்பில் அழகாக எழுதி வைத்திருந்தேன். வகுப்பில் ஒருவரும் திகைக்கவில்லை.

இடைவேளையில் டீச்சரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். கண்ணால் பார்த்துக்கொண்டே அந்தப் பெண் ஏன் அப்படிப் பொய் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். கையிலிருந்த தாளை முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"அவ பொய் சொல்லலம்மா. பதில் சொல்றா."

பிறகு அவர் விளக்கியது இதுதான். ஐந்து வகுப்புகளுக்கு அவர் ஒருவர். ஒவ்வொன்றையும் நின்று, செய்துகாட்டி, கேள்வி கேட்கவிட்டு நடத்த நேரம் கிடையாது. இந்தப் பிள்ளைகளில் யாராவது பத்தாம் வகுப்பில் தவறினால், மறுமுறை எழுத வைக்கிற வீடுகள் குறைவு. அடுத்த நாளே தோட்டத்துக்கு அழைத்துப்போய்விடுவார்கள். அதனால் கேள்வி காதில் விழுந்ததும் பதில் வாயில் வரும்படி பழக்கியிருக்கிறார். தண்ணீரின் கொதிநிலை என்றால் நூறு. நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் நூறு. சொல்லும்போது அவர் குரலில் வருத்தமும் இல்லை, சமாதானம் சொல்லும் தொனியும் இல்லை. அவர் பிள்ளைகள் தேர்ச்சி பெற்றுக்கொண்டிருந்தார்கள் என்பதும் நிஜம்.

மறுநாள் வகுப்பில் வெப்பமானியை எடுக்கவே இல்லை. வீட்டில் பருப்பு எப்படி வேகவைக்கிறார்கள் என்று மட்டும் கேட்டேன். குக்கரில் என்றார்கள். குக்கர் இல்லாவிட்டால் என்ற கேள்விக்கு ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். மதியம் வைத்தால் ராத்திரிதான் சாப்பாடு என்றான் ஒருவன். குக்கர் ரப்பர் போய்விட்ட ஒரு நாளின் கதையைச் சொன்னாள் இன்னொருத்தி. அந்தச் சத்தத்துக்கு நடுவில் வகுப்புத் தலைவி எழுந்தாள். "கீழ மேட்டுப்பாளையத்துல எங்க மாமா ஊட்ல குக்கரே இல்லீங்க மிஸ். பருப்பு சும்மா சட்டியிலயே வெந்துருது" என்றாள். தண்ணீர் கொதித்தால் கொதித்ததுதானே, இங்கே வேகாதது அங்கே மட்டும் எப்படி வேகும் என்று கேட்டேன். இவ்வளவு நாளில் முதல்முறையாக, பதில் தெரியாமல் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். அவளை உட்காரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மணியடித்த பிறகு என் பின்னாலேயே வந்தாள். வார விடுமுறையில் மாமா வீட்டில் ஒரு விசேஷம், குடும்பத்தோடு போகிறார்களாம். வெப்பமானியைக் கொடுத்தால் அங்கே தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னாள்.

வெப்பமானி பள்ளியின் பொருள். டீச்சரின் பொறுப்பில் இருந்தது. அவரிடம் கேட்டதும், "காத்தழுத்தம்னு போர்டுல எழுதிப் போட்டா ஒரு நிமிஷத்து வேலை. இதுக்கு எதுக்கும்மா மேட்டுப்பாளையம் வரைக்கும்?" என்றார். எழுதிப் போட்டால் அதையும் நூறு மாதிரியே ஒப்பிப்பார்கள் என்றேன். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். சாக்பீஸை எடுத்துக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார். விடுமுறைக்கு முந்தின நாள் மாலை, அந்தப் பெண்ணை அவரே கூப்பிட்டனுப்பினார். சார்ட் சுருட்டி வைக்கும் அட்டைக் குழாய்க்குள் பஞ்சு அடைத்து வெப்பமானியை வைத்திருந்தார். அதன் குமிழ் பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது, பெரியவர் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். கொடுக்கும்போது, "ஒடைஞ்சா ஒடைஞ்சுருச்சுன்னு வந்து சொல்லு. திட்டுவேன்னு பயந்துட்டு வேற எதையாச்சும் சொல்லக்கூடாது" என்றார்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்றுதான் எனக்கு மதிப்பீட்டு வகுப்பு. கல்லூரியிலிருந்து பேராசிரியர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். வெப்பம் கடத்தப்படுவதைப் பற்றி நடத்துவதாக ஏற்பாடு. கம்பி, மெழுகு, குண்டூசி எல்லாம் மேசையில் தயாராக இருந்தன. வணக்கம் சொல்லிவிட்டு எல்லாரும் உட்கார்ந்த பிறகும் வகுப்புத் தலைவி மட்டும் அட்டைக் குழாயோடு நின்றாள். "பாத்துட்டு வந்தனுங்க மிஸ்" என்றாள். மொத்த வகுப்பும் அவளைப் பார்த்துத் திரும்பியது. பேராசிரியர் என் பாடக்குறிப்பைப் புரட்டி, இது எந்த இடத்தில் வருகிறது என்று தேடினார். வகுப்பு முடிந்தபிறகு பேசலாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு வாயைத் திறந்தும்விட்டேன். ஆனால் நான் எத்தனை முட்டையையும் பலூனையும் காட்டியும் அந்தப் பிள்ளைகள் அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. முன்னால் வந்து சொல்லச் சொன்னேன்.

அட்டைக் குழாயை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள். வெப்பமானியை நூலில் கட்டி, அந்த நூலைக் கரண்டியில் சுற்றி, கரண்டியைச் சட்டியின் மேல் குறுக்கே வைத்தாளாம். மாமா பக்கத்தில் நின்றாராம். சொல்லிக்கொண்டே வந்தவள் அளவு வரும் இடத்தில் நிறுத்திவிட்டாள். முன்வரிசையில் யாரோ, "நூறுன்னு சொல்லு" என்று கிசுகிசுத்தார்கள். வாசலில் டீச்சர் வந்து நின்றிருந்தார். அந்தப் பெண் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"தொண்ணூத்தொம்போதுங்க மிஸ்."

ஒரு டிகிரிதானே குறைகிறது, நூறு என்றே வைத்துக்கொள்ளலாம் என்றான் ஒரு பையன். அவள் அவன் பக்கம் திரும்பி, "வெச்சுக்க முடியாது. அது ஏறல. நான் பாத்துட்டே நின்னேன்" என்றாள். பிறகு என்னிடம், உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற முகத்தோடு கேட்டாள்: "அப்ப நூறு எங்கீங்க மிஸ் இருக்குது?"

நான் பதில் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. இங்கே தொண்ணூற்று மூன்று, மேட்டுப்பாளையத்தில் தொண்ணூற்றொன்பது என்றால் இன்னும் கீழே போகவேண்டும் என்றார்கள் பிள்ளைகள். மேட்டுப்பாளையத்துக்கும் கீழே எது என்று சண்டை வந்தது. பவானி ஆறு போகிற வழியே போனால் கீழேதான் என்றான் ஒருவன். ஆறு கடைசியில் எங்கே போகும் என்று இன்னொருத்தி கேட்டாள். கடல் என்று பல குரல்கள் ஒன்றாக எழுந்தன. யாராவது கடலைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். ஒருவரும் கை தூக்கவில்லை. அவர்கள் இத்தனை நாளும் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்த நூறு, அவர்களில் ஒருவரும் போயிராத ஓர் இடத்தின் கணக்கு. கரும்பலகையில் மலையை வரைந்து, அதன்மேல் காற்றை வரைந்து, அடிவாரத்தில் எவ்வளவு காற்று அழுத்துகிறது, நம் தலைமேல் எவ்வளவு என்று பேசி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. மெழுகும் குண்டூசியும் வைத்த இடத்திலேயே கிடந்தன.

வகுப்பு பாடக்குறிப்புப்படி நடக்கவில்லை, சத்தம் அதிகம் என்று பேராசிரியர் எழுதினார். இரண்டும் சரிதான். மதிப்பெண்ணும் சுமாராகவே வந்தது. ஜீப்பில் ஏறப்போனவர் திரும்பி வந்து, ஊட்டியில் கொதிக்கவைத்தால் எவ்வளவு காட்டும் என்று என்னிடம் மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனார். வகுப்புத் தலைவிக்கு வேறு கவலை. பரீட்சையில் எதை எழுதுவது என்று டீச்சரிடம் போய்க் கேட்டாள். டீச்சர் யோசிக்கவே இல்லை. "கடல் மட்டத்தில் நூறுன்னு எழுது. அதுக்குக் கீழ் வரியில, எங்க ஊர்ல தொண்ணூத்து மூணுன்னும் எழுது. யாராச்சும் தப்புன்னு போட்டா எங்கிட்ட வா" என்றார்.

இப்போது நான் வேறொரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. என்னையும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வகுப்பில் திரை இருக்கிறது. அதில் ஓடும் படத்தில் தண்ணீர் எப்போதும் மிகச் சரியாக நூறில்தான் கொதிக்கிறது. பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்து பார்க்கிறார்கள். பார்வையிட வருகிறவர்கள், கவனம் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். வேலைப்பளு கூடிய நாட்களில் நானும் படத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வதுண்டு. ஐந்து வகுப்புகளை ஒற்றை ஆளாக இழுப்பது எப்படிப்பட்டது என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அதனால் அந்த டீச்சரை நினைக்கும்போதெல்லாம், அவர் பதில் சொல்லப் பழக்கியதைவிட, என் பயிற்சியின் கடைசி நாளில் நடந்ததுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

அன்று எட்டாம் வகுப்பில் எல்லாரும் எனக்கு வாழ்த்து அட்டை எழுதிக்கொண்டிருந்தார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் பத்தாம் வகுப்பில் டீச்சர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். வெகுநேரமாக அவர் குரல் வரவில்லை. ஸ்பிரிட் விளக்கின் வாடை மட்டும் லேசாக வந்தது. பிறகு, தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று கேட்டார். நூறு என்று மொத்த வகுப்பும் ஒரே குரலில் சொன்னது.

"அங்கயே உக்காந்துட்டு யாரும் சொல்ல வேண்டாம்" என்றார் டீச்சர். "இங்க வந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாகப் பெஞ்சுகள் நகரும் சத்தம் கேட்டது.