ஐந்து மைக்ரோலிட்டர் ஆன்டிபாடி

தாமலிலிருந்து பஸ் பிடித்து எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு வரும் வடிவு எட்டு வருஷமாக டெம்பரரிதான். ஆனால் கை நேர்த்தி அப்படி. புரதங்கள் ஏறிய மெம்பிரேன் என்ற வெள்ளைத் தாளைப் பால் பவுடர் கரைசலில் ஊறவைப்பது அவள் வேலை. ஊறினால்தான் வேண்டிய புரதத்தைத் தேடிப் பிடிக்க பிறகு விடும் ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாது. கட்டி தட்டாமல் அவள் கரைப்பதைப் பார்த்து, டீக்கடை வைத்தாலும் பிழைத்துக்கொள்வாய் என்று ஆய்வுக்கூட ஸ்டோரில் இருக்கும் நான் கேலி செய்வேன்.

2006 மார்ச்சில் சின்ன காஞ்சிபுரத்து ஸ்ரீவல்லியின் பிஎச்.டி. ஒரே ஒரு படத்தில் வந்து நின்றது. செல்லுக்குள் மரபணுக்களை முடுக்கிவிடும் ஒரு புரதத்தின் மேல் பாஸ்பேட் ஏறியிருக்கிறது என்று காட்ட வேண்டும். அப்படி ஏறியதை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி வெளிநாட்டிலிருந்து வர இரண்டு மாதம். குப்பியில் மிச்சம் ஐந்து மைக்ரோலிட்டர், ஒரு சொட்டில் பத்தில் ஒரு பங்கு. தீசிஸ் கொடுக்கப் பத்து நாள்தான் இருந்தது.

இதே ஆன்டிபாடி முன்பு அபிநவ் என்ற மாணவனைக் காவு வாங்கியிருந்தது. ஆன்டிபாடி ஒட்டிய இடத்தில் மட்டும் ஒரு கோடு விழ வேண்டிய படம், இரண்டு முறையும் அவனுக்கு முழுக்கக் கறுப்பு. உனக்கெல்லாம் ஆராய்ச்சி எதற்கு என்று புரொபசர் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். படிப்பை விட்டவன் மெட்ராஸில் செல்போன் விற்றுக்கொண்டிருந்தான்.

இந்த முறை பால் வேண்டாம், ஆல்புமின் என்ற வேறு புரதத்தில் ஊறவை என்று ஸ்ரீவல்லி காலையிலேயே சொல்லிக் கரைத்தும் வைத்தாள். வடிவு தலையாட்டினாள். எட்டு வருஷப் பழக்கம் பொல்லாதது. ஊறவைத்து, கழுவி, தெளிந்த திரவத்தில் போட்டு நீட்டிவிட்டாள். பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

நான் ஐஸ் டப்பாவோடு பக்கத்தில் நின்றேன். ஸ்ரீவல்லி அந்த ஐந்தையும் பிப்பெட்டில் உறிஞ்சிவிட்டாள். அப்போதுதான் வடிவின் பார்வை மேஜைக்குப் போனது. ஆல்புமின் பாட்டில் கழுத்துவரை அப்படியே இருந்தது.

எனக்கும் புரிந்துவிட்டது. அவள் வாயைத் திறந்தால் புரொபசர் அன்றே அவள் சீட்டைக் கிழித்துவிடுவார். திறக்காவிட்டால் பழி ஆன்டிபாடி மேல் போகும். சும்மா இரு என்று கண்ணைக் காட்டினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் காட்டினேன்.

"ஊத்தாதீங்கம்மா," என்றாள் வடிவு. "பால்லயே ஊற வெச்சிட்டேன்."

ஸ்ரீவல்லி திட்டவில்லை. பிப்பெட்டில் இருந்ததைக் குப்பிக்கே திருப்பினாள். மெம்பிரேனைப் பத்துத் தடவை கழுவி, ஆல்புமினில் ஊறவைத்து, அப்புறம்தான் விட்டாள். மறுநாள் ஃபிலிமில் ஒரே ஒரு கோடு, பளிச்சென்று. ஸ்ரீவல்லி அழுதேவிட்டாள்.

வடிவு சிரிக்கவில்லை. "பாலோட விட்டிருந்தா எப்பிடிம்மா வந்திருக்கும்?" என்று கேட்டாள்.

பால் புரதத்திலேயே பாஸ்பேட் இருக்கிறது, ஆன்டிபாடி அதிலெல்லாம் ஒட்டி முழுக்கக் கறுத்திருக்கும் என்றாள் ஸ்ரீவல்லி. அவளுக்கு வந்த குப்பியோடு இருந்த தாளிலேயே பால் கூடாதென்று போட்டிருந்ததாம்.

"அபிநவ் தம்பிக்கும் நான்தான ஊற வெச்சேன்."

அவனிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று வடிவு அன்று மதியமே லீவு போட்டாள்.

அபிநவுக்கு முன்பு வந்த ஆன்டிபாடிப் பெட்டியைப் பிரித்தவன் நான். உள்ளே இருந்த தாளை அட்டையோடு சேர்த்துக் குப்பையில் போட்டவனும் நான். மெட்ராஸ் பஸ் கிளம்பும்வரை அவள் ஜன்னலோரம் நின்றேன். அந்தத் தாளைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.